வெலிக்கி நோவ்கோரோட் போகணுமா? முதல் தடவை போறவங்களுக்கு அ முதல் ஃ வரை

ரஷ்யா டூர்னு சொன்னாலே மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், அவ்ளோதான் பிளான். ரெண்டும் பாக்க வேண்டிய ஊருதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ரஷ்யாவோட பழைய கதை எங்க ஆரம்பிக்குதுன்னு கண்ணால பாக்கணும்னா பீட்டர்ஸ்பர்க்ல இருந்து தெற்கே ஒரு 200 கிலோமீட்டர் போகணும். அங்க வோல்ஹோவ் ஆத்தங்கரைல வெலிக்கி நோவ்கோரோட்னு ஒரு ஊர் இருக்கு. ரஷ்யாவோட பழைய ஆண்டுக் குறிப்புல 859ஆம் வருஷமே இந்த ஊர் பேர் வந்துடுது. மாஸ்கோ பேரு எழுத்துல முதல்ல வர்றது 1147ல, பீட்டர்ஸ்பர்க் கட்ட ஆரம்பிச்சதே 1703லதான். இங்க இருக்கிற சோஃபியா பேராலயத்த 1045ல ஆரம்பிச்சு 1050லயே முடிச்சுட்டாங்க, இன்னைக்கும் உள்ள பூஜை நடக்குது.

இந்த ஊருக்கு போற முக்கால்வாசி பேர் பீட்டர்ஸ்பர்க்ல இருந்து காலைல வந்து கோட்டைய ஒரு சுத்து சுத்தி போட்டோ எடுத்துட்டு சாயங்காலமே கிளம்பிடறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. ரெண்டு ராத்திரி ஒதுக்குங்க, ஏன்னு கீழ படிக்கப் படிக்க உங்களுக்கே புரியும்.

முதல் வேலை, ஊர் பேர கரெக்டா பிடிச்சுக்கோங்க

ரஷ்யால ரெண்டு நோவ்கோரோட் இருக்கு. ஒண்ணு நாம சொல்ற வெலிக்கி நோவ்கோரோட். இன்னொண்ணு நிஸ்னி நோவ்கோரோட், அது மாஸ்கோவுக்கு கிழக்கே 400 கிலோமீட்டர் தள்ளி வோல்கா ஆத்தங்கரைல இருக்கிற பத்து லட்சம் பேருக்கு மேல வாழற பெரிய சிட்டி. இந்த குழப்பத்துக்காகவே 1999ல நம்ம ஊருக்கு அதிகாரப்பூர்வமா 'வெலிக்கி'ன்னு முன்னாடி சேர்த்தாங்க. டிக்கெட், ஹோட்டல் எது போட்டாலும் வெறும் நோவ்கோரோட்னு அடிச்சா எது மேல வருதுன்னு சொல்ல முடியாது, அதனால மேப்ப திறந்து வோல்ஹோவ் ஆறு, இல்மென் ஏரி பக்கத்துல இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் காசு கட்டுங்க. ரயில் டிக்கெட்ல சில சமயம் 'நோவ்கோரோட் நா வோல்ஹோவ்யே'ன்னு ஸ்டேஷன் பேர் வரும், அதுவும் இதே ஊர்தான், பயப்படாதீங்க.

விசா

இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு ஈ-விசா கிடைக்குது, இது 2023 ஆகஸ்ட்ல வந்த வசதி. தூதரகம் பக்கம் போகவே வேண்டாம், ரஷ்ய வெளியுறவுத்துறையோட சைட்லயே ஃபார்ம், போட்டோ, பாஸ்போர்ட் ஸ்கேன் போட்டு பணம் கட்டிடலாம். நாலு நாள்ல வரும்னு சொல்வாங்க, நீங்க ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க. முதல்ல 16 நாள் தங்கத்தான் விட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல அத 30 நாளா ஆக்கி விசாவோட ஆயுளையும் 120 நாளா நீட்டினாங்க. இந்த மாதிரி ரூல்ஸ் அடிக்கடி மாறும், அப்ளை பண்ற அன்னைக்கு சைட்ல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு. இலங்கை பாஸ்போர்ட்காரங்க அந்த நாடுகள் லிஸ்ட்ட முதல்ல பாத்துக்கோங்க, பேர் இல்லன்னா தூதரகம் வழியா சாதா டூரிஸ்ட் விசா எடுக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் வர்ற ஒரு சிக்கல் இருக்கு, அது இனிஷியல். சிலரோட பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கும், சிலர்ட்ட அப்பா பேரு அங்க இருக்கும், ஏர்லைன் டிக்கெட்ல வேற மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டோட போட்டோ பக்கத்துல அடியில அம்புக்குறி அம்புக்குறியா ரெண்டு வரி இருக்குல்ல, அத பாத்து எழுத்துக்கு எழுத்து அப்படியே ஃபார்ம்ல போடுங்க, டிக்கெட்டும் அதே மாதிரி போடுங்க. ஒரு எழுத்து மாறினாலும் ஏர்போர்ட்ல போர்டிங் குடுக்கறவங்களே நிறுத்தி வச்சுடுவாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். நாள் கணக்கு நீங்க இறங்கின நேரத்துல இருந்து 24 மணி நேரம் 24 மணி நேரமா ஓடாது, ராத்திரி 11 மணிக்கு இறங்கினாலும் அது முதல் நாள்தான். அப்புறம் இமிகிரேஷன்ல மைக்ரேஷன் கார்டுன்னு ஒரு சின்ன பேப்பர் குடுப்பாங்க, ஊரு விட்டு கிளம்பற வரைக்கும் அத பாஸ்போர்ட்டுக்குள்ளயே வச்சுக்கோங்க, ஹோட்டல்ல செக்-இன் பண்றப்போ அத கேப்பாங்க, உங்க ரெஜிஸ்ட்ரேஷன அவங்களே பண்ணிடுவாங்க. விசாவ பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கோங்க, போன்ல இருக்குன்னு விட்டுடாதீங்க.

இத சொல்லாம போக மனசு வரல. டூரிஸ்ட் விசால போ, அங்க போனதும் வேலை, நல்ல சம்பளம்னு ஆசை காட்டற ஏஜென்ட் யாராவது வந்தா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அப்படி நம்பிப் போன இந்திய பசங்க போர்முனைல போய் மாட்டினது செய்தியா வந்த உண்மை, உயிர் போனவங்களும் இருக்காங்க. உக்ரைன் போர் நடந்துட்டு இருக்கிற நாடு இது. டிரோன் பயத்துல ஏர்போர்ட்ட சில மணி நேரம் திடீர்னு மூடறது சகஜமா ஆகிடுச்சு. அதனால கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம வெளியுறவுத்துறை என்ன சொல்லுதுன்னு படிங்க, திரும்பற ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா விட்டு வைங்க, ராணுவ வண்டி, ரயில்வே பாலம், சிப்பாய்ங்க, இதுல எதையும் போட்டோ எடுக்காதீங்க.

காசு, போன், நெட்

நம்ம பேங்க் குடுத்த விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் அங்க வேலை செய்யாது. 2022 மார்ச்ல இருந்தே இதான் நிலைமை, ஏடிஎம்லயும் எடுக்க முடியாது, கடைலயும் தேய்க்க முடியாது. முழு டூருக்கும் வேண்டிய பணத்த டாலராவோ யூரோவாவோ கையில கொண்டு போகணும். நோட்டு புதுசா, மடிப்பு கிழிசல் கிறுக்கல் இல்லாம இருக்கணும், பழைய நோட்ட பேங்க்ல வாங்க மாட்டேன்னு சொல்லிடுவாங்க. நம்ம ரூபாய கொண்டு போய் அங்க மாத்தலாம்னு நம்பி போகாதீங்க. மாத்தறத பீட்டர்ஸ்பர்க்லயே பேங்க்ல முடிச்சுட்டு ரூபிளோட நோவ்கோரோட் போங்க. மொத்த காசையும் ஒரே பையில வைக்காதீங்க, இது நம்ம வீட்டு பெரியவங்க சொல்றதுதான், அங்க கார்டு கை குடுக்காதுங்கறதால இன்னும் முக்கியம்.

சிம் கார்டு முன்ன மாதிரி பாஸ்போர்ட் காட்டி அஞ்சு நிமிஷத்துல வாங்கற விஷயம் இல்ல, 2025ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு பயோமெட்ரிக் பதிவெல்லாம் கேக்கறாங்க, நாலு நாள் டூருக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ரோமிங்கோ ஈ-சிம்மோ இங்கயே எடுத்துட்டு போங்க, ஆனா அதையும் முழுசா நம்பிடாதீங்க, பாதுகாப்பு காரணம் சொல்லி மொபைல் டேட்டாவயே நிறுத்தி வைக்கிற நேரமும் உண்டு. அதனால யாண்டெக்ஸ் மேப்ஸ்ல நோவ்கோரோட் ஏரியாவ ஆஃப்லைனுக்கு டவுன்லோட் பண்ணி வைங்க, டிரான்ஸ்லேட் ஆப்ல ரஷ்ய மொழியயும் அதே மாதிரி இறக்கி வைங்க, ஹோட்டல் அட்ரஸ ரஷ்ய எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. இன்ஸ்டாவும் ஃபேஸ்புக்கும் அங்க தடை. தினமும் மெசேஜ் வரும்னு அம்மா காத்துட்டு இருப்பாங்க, கிளம்பறதுக்கு முன்னாடியே 'பதில் வரலன்னா பதறாதீங்க'ன்னு வீட்ல சொல்லிட்டு போங்க.

ரஷ்ய எழுத்து படிக்க ஒரு வாரம் தினம் அரை மணி நேரம் உக்காந்தா போதும். ஆங்கில பி மாதிரி தெரியறது 'ர', எச் மாதிரி தெரியறது 'ந', சி மாதிரி தெரியறது 'ஸ', இந்த மூணு பிடிபட்டாலே பாதி போர்டு படிச்சுடலாம். பெரிய சிட்டி அளவுக்கு இங்க இங்கிலீஷ் பேச ஆள் கிடைக்காது, ஆனா நீங்க தட்டுத்தடுமாறி போர்ட படிக்கறத பாத்தா நின்னு உதவி பண்ணிட்டுதான் போவாங்க.

எப்ப போகலாம்

மே கடைசில இருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரைக்கும் நல்ல காலம். ஜூன்ல ராத்திரி பத்தரை மணிக்கும் வானம் வெளிச்சமா இருக்கும், சாப்ட்டுட்டு ஆத்தங்கரைல மெதுவா நடக்கலாம். ஜூன் ஜூலைல ஏரிப்பக்கம் கொசு ஜாஸ்தி, ஓடோமாஸ் எடுத்துட்டு போங்க. டிசம்பர் ஜனவரில பனி மூடின கோட்டை ரொம்ப அழகுதான், ஆனா பகல் ஆறேழு மணி நேரம்தான், மைனஸ் பத்து இருபதுக்கும் போகும், முதல் தடவை பனி பாக்கறவங்க வயசானவங்கள கூட்டிட்டு அந்த நேரத்துல போக வேண்டாம். மார்ச் கடைசி, ஏப்ரல் வேண்டவே வேண்டாம், பனி உருகி ஊரே சேறா கிடக்கும்.

போய்ச் சேர்றது எப்படி

சென்னைல இருந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு நேர் ஃப்ளைட் இல்ல, துபாய் மாதிரி வளைகுடா ஊர் வழியா மாறிப் போறதுதான் வழக்கம். பீட்டர்ஸ்பர்க்ல மஸ்கோவ்ஸ்கி ஸ்டேஷன்ல இருந்து லாஸ்தொச்கான்னு ஒரு பகல் ரயில், சுமார் மூணு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடும், சீட் நல்லா இருக்கும், சூடா இருக்கும். அப்வோத்னி கால்வாய் பக்கம் இருக்கிற பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ்ஸும் நிறைய உண்டு, ஆனா சிட்டி டிராஃபிக்ல மாட்டினா நேரம் இழுக்கும், நான் ரயிலதான் சொல்வேன். மாஸ்கோல இருந்து வர்றவங்களுக்கு லெனின்கிராட்ஸ்கி ஸ்டேஷன்ல ராத்திரி ரயில் இருக்கு, படுத்து தூங்கி எழுந்தா ஊர் வந்துடும். கார்டு வேலை செய்யாததால டிக்கெட்ட ஸ்டேஷன் கவுண்டர்லயே பாஸ்போர்ட் காட்டி காசு குடுத்து வாங்கிக்கலாம், கவுண்டருக்கு மேல 'கஸ்ஸா'ன்னு எழுதி இருக்கும். போக வர ரெண்டு டிக்கெட்டையும் ஒண்ணா எடுத்துடுங்க, சனி ஞாயிறு சீட் சீக்கிரம் போயிடும். பீட்டர்ஸ்பர்க்ல மெடிக்கல் படிக்கிற நம்ம ஊர் பசங்க யாராவது தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஆன்லைன்ல எடுத்து வைக்க சொல்லலாம்.

ஸ்டேஷன்ல இறங்கினா கோட்டை வரைக்கும் நேர் ரோடு, பெட்டி சின்னதா இருந்தா இருபது நிமிஷம் நடந்தே போயிடலாம்.

தங்கறதுக்கு ரூம் போடற புக்கிங் டாட் காம், ஏர்பிஎன்பி ரெண்டும் ரஷ்யால இல்ல. ஆஸ்த்ரொவொக், யாண்டெக்ஸ் டிராவல் மாதிரி அந்த ஊர் சைட்ல தேடி 'அங்க போய் காசு கட்டலாம்'ங்கற ஹோட்டலா பாருங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்ட ஏத்துப்பாங்களான்னு ஒரு மெயில் போட்டு கேட்டுக்கோங்க, சின்ன சின்ன வீடு வாடகைக்கு விடறவங்க ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணித் தர யோசிப்பாங்க. ஆத்துக்கு எந்தக் கரைல தங்கினாலும் பரவால்ல, நடுவுல நடை பாலம் இருக்கு, கிழக்குக் கரைல தங்கினா ஜன்னல்ல கோட்டை தெரியற ரூம் கூட கிடைக்கலாம்.

முதல் நாள், கோட்டை

கோட்டைக்கு இங்க கிரெம்ளின்னும் சொல்வாங்க, தெதினெத்ஸ்னும் சொல்வாங்க. உள்ள போக காசு இல்ல. செங்கல் சுவர் இப்ப இருக்கிற வடிவத்துல 1480கள்ல கட்டினது, ஒன்பது கோபுரம் மிச்சம் இருக்கு, வெயில் காலத்துல கொக்குய் கோபுரத்து மேல ஏறினா ஆறும் அக்கரை தேவாலயங்களும் அப்படியே விரிச்சு வச்ச மாதிரி தெரியும்.

காலைல சீக்கிரமே சோஃபியா பேராலயத்துக்கு போயிடுங்க, டூர் பஸ் வர்றதுக்கு முன்னாடி. பெண்கள் தலைய மூட ஒரு துப்பட்டா எடுத்துட்டு போங்க, ஆண்கள் தொப்பிய கழட்டணும், ஷார்ட்ஸ் வேண்டாம். பூஜை நடக்கறப்போ ஓரமா நின்னு பாட்டு கேளுங்க, இசைக்கருவி எதுவும் கிடையாது, வெறும் மனுஷக் குரல்தான், அந்த கல் சுவர்ல பட்டு திரும்பி வர்றத கேக்கறதுக்காகவே போகலாம். பெரிய தங்க குவிமாடத்து சிலுவை மேல ஒரு புறா உக்காந்திருக்கும், ஈயத்துல செஞ்சது. 1570ல மாஸ்கோ மன்னன் இவான் த டெரிபிள் இந்த ஊர் மேல படையோட வந்து ஜனங்கள கொன்னு குவிச்சான், அத பாத்து ஒரு புறா அப்படியே கல்லாயிடுச்சுன்னு ஊர்ல கதை. இரண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்களோட சேர்ந்து வந்த ஸ்பெயின் படை அந்த சிலுவைய எடுத்துட்டு போயிடுச்சு, 2004ல திருப்பிக் குடுத்தாங்க. இப்ப மேல இருக்கறது நகல், அசல் பேராலயத்துக்கு உள்ளயே இருக்கு, தேடிப் பாருங்க.

மேற்கு வாசல்ல வெண்கலக் கதவு ஒண்ணு இருக்கு, முக்கால்வாசி பேர் ஒரு போட்டோவோட நகர்ந்துடறாங்க. 12ஆம் நூற்றாண்டு நடுவுல ஜெர்மனில மாக்டபர்க்ல வார்த்தது. கிட்ட போய் குனிஞ்சு கீழ் வரிசைய பாருங்க. கதவ செஞ்ச ஆசாரிங்க தங்களையே அங்க வச்சிருக்காங்க, ரிக்வின்னு ஒருத்தர் கையில தராசு, அப்புறமா கதவ இங்க கோத்து நிறுத்தின ரஷ்ய ஆசாரி ஆப்ராம் கையில சுத்தியலும் இடுக்கியும். பைபிள் காட்சிகளுக்கு நடுவுல கூலி வேலை செஞ்சவன் தன் பேரோட நிக்கறான், ஒன்பது நூற்றாண்டா.

வெளிய வந்தா நடு மைதானத்துல பெரிய மணி வடிவத்துல ஒரு வெண்கல சின்னம், ரஷ்யாவோட ஆயிரமாவது ஆண்டுக்காக 1862ல மிகாயில் மிக்கேஷின் வடிவமைச்சது. அரசர், புலவர், தளபதின்னு நூத்துக்கு மேல உருவங்கள் சுத்தி நிக்கும், இவான் த டெரிபிள மட்டும் காணோம், காரணம் மேல சொன்ன அதே 1570தான். போர் சமயத்துல ஜெர்மன்காரங்க இத கழட்டி எடுத்துட்டு போகப் பாத்தாங்க, 1944 ஜனவரில ஊர மீட்டப்போ துண்டு துண்டா பனிக்குள்ள கிடந்துச்சு. ஊரே தரைமட்டம், ரெண்டாயிரத்து ஐநூறு கட்டிடத்துல நாற்பது போல தான் நின்னுச்சு, அந்த நிலைமைலயும் அதே வருஷம் நவம்பர்ல இத திருப்பி நிறுத்திட்டாங்க.

பூர்ச்சப் பட்டைக் கடிதங்கள், இங்கதான் நேரம் போடணும்

கோட்டைக்குள்ளயே மியூசியம் இருக்கு. ஒரு இடத்துக்கு மட்டும்தான் டிக்கெட் எடுக்க முடியும்னு இருந்தா நான் இதத்தான் எடுப்பேன்.

இந்த ஊர் மண்ணு ஈரமான களிமண்ணு, காத்து உள்ள போகாது, அதனால மரம், தோல், மரப்பட்டை எதுவும் மக்கல. தெருவுல சேறு ஆச்சுன்னா அது மேலயே புது மரக்கட்டை அடுக்கி ரோடு போடுவாங்க, ஒரே தெருவுல அப்படி 28 அடுக்கு தோண்டி எடுத்திருக்காங்க, அடிக்கட்டை 953ஆம் வருஷத்து மரம், மேல்கட்டை 1462. இப்படித் தோண்டிட்டு இருந்தப்போ 1951 ஜூலை 26ஆம் தேதி நீனா அக்குலோவான்னு ஒரு பெண் தொழிலாளி கையில சுருட்டின பூர்ச்ச (பிர்ச்) மரப்பட்டை ஒண்ணு கிடைச்சுது, அதுல எழுத்து கீறி இருந்துச்சு. ஆராய்ச்சிக்கு தலைமை ஆர்த்தெமி ஆர்த்சிஹோவ்ஸ்கி. அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த ஊர்ல மட்டும் ஆயிரத்து நூறுக்கு மேல கிடைச்சிருக்கு, இன்னும் தோண்டிட்டேதான் இருக்காங்க. நம்ம ஓலைச்சுவடி எழுத்தாணி மாதிரியே இரும்புலயோ எலும்புலயோ ஒரு கூர் கருவி, அதால பட்டைல கீறிட வேண்டியதுதான், மை வேண்டாம்.

எழுதினது ராஜாவும் சாமியாரும் மட்டும் இல்ல, அதான் இதுல பெரிய விஷயம். கடன் கணக்கு, வீட்டு சாமான் லிஸ்ட், பையனுக்கு அம்மா சொல்ற புத்தி, எல்லாம் இருக்கு. ஒரு பொண்ணு எழுதின கடிதம், 752ஆம் நம்பர், கிட்டத்தட்ட 900 வருஷம் பழசு: மூணு தடவை ஆள் அனுப்பிட்டேன், இந்த வாரம் ஏன் வரல, என் மேல என்ன கோபம்னு கேக்கறா. கிடைக்கறப்போ அந்தப் பட்டை கிழிச்சு முடிச்சு போட்டு கிடந்துச்சு. கிழிச்சது யாருன்னு யோசிச்சுட்டே கண்ணாடிப் பெட்டி முன்னாடி நிக்கத் தோணும். அப்புறம் ஒன்ஃபிம். 13ஆம் நூற்றாண்டுல ஆறேழு வயசுப் பையன், எழுத்துப் பழகின பட்டைங்க ஒரு கட்டா கிடைச்சுது. அ ஆ மாதிரி எழுத்த வரிசையா எழுதிட்டு பாதில அலுத்துப் போய் குதிரை மேல உக்காந்து எதிரிய ஈட்டியால குத்தற வீரன வரைஞ்சு பக்கத்துல தன் பேரையே போட்டிருக்கான். இன்னொண்ணுல வால சுருட்டின ஒரு மிருகம், 'நான் ஒரு மிருகம்'னு எழுதி, தானியேல்னு தன் கூட்டாளிக்கு வணக்கமும் சொல்லி இருக்கான். அவன் வரைஞ்ச மனுஷங்களுக்கு கையில மூணு விரல், நாலு விரல், அவனுக்கு தோணின அளவு. இந்தப் பையனப் பத்தி போறதுக்கு முன்னாடியே வீட்ல குழந்தைங்களோட படிச்சு படம் பாத்துட்டு போங்க, அப்பதான் அந்த ஹால்ல நடக்கறப்போ ஒவ்வொரு பட்டையும் ஒரு ஆளா தெரியும்.

2000ல தோண்டி எடுத்த மெழுகுப் பலகைப் புத்தகம் ஒண்ணும் இருக்கு, 11ஆம் நூற்றாண்டு தொடக்கம், ரஷ்ய மண்ணுல கிடைச்சதுலயே பழைய புத்தகம் அதான். மியூசியம் ஒவ்வொண்ணுக்கும் லீவு நாள் வேற வேற, மாசக் கடைசில ஒரு நாள் சுத்தம் பண்றோம்னு மூடறதும் உண்டு. மியூசியத்தோட சைட்ல முதல் நாள் ராத்திரியே பாத்துட்டு உங்க நாள மாத்திப் போட்டுக்கோங்க. ரெண்டு ராத்திரி வேணும்னு சொன்னதுக்கு இது ஒரு காரணம்.

அக்கரை

சாயங்காலம் நடை பாலத்த தாண்டுங்க. பழைய காலத்துல இது வியாபாரிங்க பக்கம். நோவ்கோரோட்காரங்க 1136ல தங்களோட இளவரசரையே வெளிய அனுப்பிட்டு, ஊர் கூடி முடிவெடுக்கற வெச்சேங்கற சபைய பெருசாக்கினாங்க, 1478ல மாஸ்கோவோட மூன்றாம் இவான் வந்து ஊர எடுத்துக்கிட்டு அந்த சபை மணியயும் கழட்டிட்டு போற வரைக்கும் இது தனி அரசு மாதிரிதான் நடந்துச்சு. ஜெர்மன் வியாபாரிங்க இங்கயே கிடங்கு கட்டி மெழுகும் ரோமத் தோலும் வாங்கிட்டு போனாங்க. யாரோஸ்லாவ் முற்றத்துல 1113ல கட்டின நிக்கோலாஸ் பேராலயம், அத சுத்தி வியாபாரிங்க கட்டின குட்டி குட்டி தேவாலயங்க, தேவாலயத்துக்குள்ளயே சரக்கையும் பத்திரமா வச்சுப்பாங்க.

அங்க இருந்து கொஞ்சம் உள்ள நடந்தா இலின் தெருல ஒரு வெள்ளை தேவாலயம், 1374ல கட்டினது. அதுக்குள்ள பைசாந்தியப் பேரரசுல இருந்து வந்த தியோஃபான் கிரேக்கர் 1378ல வரைஞ்ச சுவர் ஓவியம் இருக்கு, இவர்தான் வரைஞ்சார்னு நிச்சயமா சொல்ல முடியற சுவர் ஓவியம் உலகத்துல இங்க மட்டும்தான். செம்மண் கலரும் வெள்ளையும்தான், அந்த வெள்ளைய மின்னல் கீத்து மாதிரி படக் படக்னு இழுத்திருப்பார், நிமிர்ந்து குவிமாடத்துல இருக்கிற கிறிஸ்துவோட கண்ண பாத்தீங்கன்னா நம்மளையே பாக்கற மாதிரி இருக்கும். குறுகலான படி ஏறி மேல இருக்கிற சின்ன அறையையும் கட்டாயம் பாருங்க, நல்லா தப்பிச்சு நிக்கறது அங்கதான். ஆனா மழை பெஞ்சாலோ காத்துல ஈரம் ஜாஸ்தியானாலோ ஓவியம் கெட்டுடும்னு பூட்டிடுவாங்க, கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க, அது சரிதான். அதனால வெயில் அடிக்கற நேரம் எதுவோ அப்ப மத்த பிளான் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டு முதல்ல இங்க ஓடுங்க. ரெண்டு ராத்திரிக்கு ரெண்டாவது காரணம் இது.

ரெண்டாவது நாள், ஏரிப்பக்கம்

ஊருக்கு தெற்கே சில கிலோமீட்டர்ல, இல்மென் ஏரில இருந்து ஆறு கிளம்பற இடத்துல யூரியெவ் மடாலயம். சிட்டில இருந்து பஸ் இருக்கு, டாக்சியும் ரொம்ப ஆகாது. உள்ள இருக்கிற ஜார்ஜ் பேராலயம் 1119ல ஆரம்பிச்சது, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், அவ்ளோ உயரம், அவ்ளோ எளிமை. மூணே குவிமாடம்தான், அதுவும் ஒரே அளவுல இல்லாம.

அங்க இருந்து பொடி நடையா வந்தா வித்தொஸ்லாவ்லித்ஸி, மர வீடுகளோட திறந்தவெளி மியூசியம். சுத்து வட்டார கிராமங்கள்ல இருந்து பழைய வீடு, மர தேவாலயம் எல்லாத்தையும் கட்டை கட்டையா பிரிச்சு கொண்டு வந்து இங்க நிறுத்தியிருக்காங்க, பெரெத்கி கிராமத்து தேவாலயம் 1531ல கட்டினது. வீட்டுக்குள்ள போங்க, நடுவுல பெரிய அடுப்பு, அதுக்கு மேல படுக்கற இடம், கூரைல தொட்டில் தொங்கும். குழந்தைங்களோட போறவங்க இங்க அரை நாள் விட்டுடுங்க.

கோடையா இருந்தா கோட்டை அடிவாரத்துல இருந்து படகு கிளம்பி ஏரி வரைக்கும் போய் வரும், ஊரே ஏன் இந்த இடத்துல பிறந்துச்சுன்னு தண்ணில இருந்து பாத்தாதான் தெரியும். இன்னும் நேரம் இருக்கிறவங்க நெரெதித்சா தேவாலயத்துக்கு போகலாம், 1198ல கட்டி உள்ள முழுக்க ஓவியமா இருந்தது, 1941ல குண்டு விழுந்து பெரும்பாலும் போயிடுச்சு, திருப்பிக் கட்டின சுவர்ல மிச்சம் இருக்கிற துண்டுகள பாக்கலாம். இதே மாதிரி நொறுங்கின கொவலியோவோ தேவாலயத்து ஓவியத்த 1965ல இருந்து அலெக்சாந்தர் கிரேக்கவும் அவர் மனைவி வலெந்தினாவும் இடிபாட்டுக் குவியல சலிச்சு சலிச்சு, விரல் நகம் அளவு சில்லு சில்லா எடுத்து ஒட்டினாங்க, வாழ்நாள் முழுக்க அதே வேலை. அந்த சேர்த்த ஓவியங்கள் எங்க காட்சில இருக்குன்னு மியூசியத்துல கேட்டுப் பாருங்க.

சாப்பாடு

அசைவம் சாப்பிடறவங்களுக்கு கவலையே இல்ல, ஏரி மீன் நல்லா கிடைக்கும், சுதாக்னு கேளுங்க. சைவம்னா 'பெஸ் ம்யாஸா, பெஸ் ரிபி'ன்னு சொல்லப் பழகிக்கோங்க, கறி இல்லாம மீன் இல்லாம. சூப்ல காய் மட்டும் மிதக்கும், ஆனா தண்ணி கறி வேகவச்ச தண்ணியா இருக்கும், அதனால சூப்ப கேக்காம வாங்காதீங்க. 'ஸ்தலோவயா'ன்னு போர்டு போட்ட கேன்டீன் நமக்கு வசதி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறத கைய காட்டி வாங்கிக்கலாம், விலையும் கம்மி. கிரேச்கான்னு ஒரு தானியம், வெண்ணெய் போட்டு சூடா குடுப்பாங்க, கூட காளான், உருளைக்கிழங்கு வச்ச வரேனிக்கி கொழுக்கட்டை, பிளினி தோசை, வயிறு நிறையும். ஈஸ்டருக்கு முன்னாடி நோன்பு காலத்துல போனா 'போஸ்த்னயே மென்யூ'ன்னு தனியா இருக்கும், அதுல கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது, சுத்த சைவக்காரங்க அந்த அட்டையவே கேட்டு வாங்குங்க, மீன் மட்டும் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. காரம் இல்லாம இருக்க முடியாதவங்க ஒரு சின்ன டப்பால பருப்புப் பொடியோ ஊறுகாயோ எடுத்துட்டு போங்க, பெட்டில நல்லா கட்டி வைங்க. தேன்ல செய்யற மெதவூகா இந்த ஊர்ல பேர் போனது, அதுல போதை உண்டு, வேண்டாம்னா ஸ்பீத்தென் கேளுங்க, அது தேனும் மசாலாவும் போட்ட சூடான பானம், குளிருக்கு தொண்டைக்கு இதமா இருக்கும்.

கிளம்பறப்போ ரயில் நேரத்துக்கு அரை மணி முன்னாடி ஸ்டேஷன்ல இருங்க, நுழையறப்போ பெட்டி ஸ்கேன் பண்ணுவாங்க, டிக்கெட்டோட பாஸ்போர்ட்டும் கையில வேணும். கையில மிச்சம் இருக்கிற ரூபிள பீட்டர்ஸ்பர்க்லயே மாத்திடுங்க, ஊருக்கு கொண்டு வந்தா மாத்த இடம் தேடி அலையணும்.